தள்ளிப்போட்டது

2022 நவம்பரில் ஒரு மழைக்காலை, என் பைக்கைத் தள்ளிவிட்ட பெரியவர் ஒருவர் கீழே விழுந்தார். வலது பக்கக் கண்ணாடியில் அதைப் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தாமல் போனேன். அன்று மாலை, நான் பார்த்திருக்கவே மாட்டேன் என்று அவராகவே நினைத்துக்கொண்டு பேசியபோது, ஆமாம் என்று தலையாட்டினேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. சொல்வதென்றால் அந்த வண்டியின் பேட்டரியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் பிளஸ் டூ வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறவன். ஈய-அமில பேட்டரியை வருஷா வருஷம் கரும்பலகையில் வரைகிறேன். 1859இல் பிரான்ஸில் காஸ்தோன் பிளாந்தே செய்தது. ஒரு பக்கம் ஈயம், மறுபக்கம் ஈய டை ஆக்சைடு, நடுவே கந்தக அமிலம். ஓர் அறைக்கு 2 வோல்ட், ஆறு அறை சேர்ந்தால் 12. மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படியும், அமிலம் நீர்த்துப் போகும். சார்ஜ் ஏற்றினால் படிந்தது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் சார்ஜ் இறங்கிய பேட்டரியை அப்படியே வாரக்கணக்கில் போட்டுவைத்தால் அந்த சல்பேட் இறுகிப் பெரிய படிகமாகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் முழுசாகக் கரையாது. தகட்டில் அந்தப் பகுதி செத்தது செத்ததுதான். இதில் ஐந்து மதிப்பெண் கேள்வி வரும் என்று பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்வேன்.

அப்போது குன்னூரில் இருந்தேன். 2020 மார்ச் 25ஆம் தேதி ஊரடங்கு வந்தது, பள்ளியும் இல்லை, போக இடமும் இல்லை. வண்டி வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் இரண்டு மாதத்துக்கு மேல் நின்றது. வாரத்துக்கு ஒரு தடவை கால்மணி நேரம் ஓடவிட்டிருந்தால் போதும். அதற்குக்கூட நான் எழுந்திருக்கவில்லை. ஜூனில் தார்ப்பாயை எடுத்து செல்ஃப் பொத்தானை அழுத்தினால் ஒரே ஒரு 'டக்'. ரிலே மட்டும் ஒட்டிய சத்தம். பள்ளி ஆய்வகத்து மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். நல்ல பேட்டரி ஓய்வாக இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். இது 11.4 காட்டியது. என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அந்த நொடியே தெரியும். அதனால்தான் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

2014இல் வாங்கிய 150 சிசி வண்டி. கார்புரேட்டர்தான், ஆனால் கிக்கர் கிடையாது, செல்ஃப் மட்டும். கிக்கரை எடுத்துவிட்டு விற்கிறார்களே என்று இன்றும் எனக்கு வருத்தம் உண்டு. மாதக் கணக்கில் நின்ற வண்டியைக்கூட ஒரு காலின் பலத்தில் எழுப்பித் தந்த இரும்புத் துண்டு அது.

குன்னூரில் அது எனக்குக் குறையாகவே படவில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். சமதளத்தைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் வீதியே ஒரு சரிவு. சாவியைப் போட்டு, ஹெட்லைட்டை அணைத்து, கிளட்சைப் பிடித்து, செகண்ட் கியரில் வைத்துக் காலை எடுத்தால் வண்டி தானாக உருளும். முதல் கியர் ஆகாது. அதில் எஞ்சினைச் சுற்றவைக்கச் சக்கரத்துக்குப் பெரும் பலம் வேண்டியிருக்கும். சக்கரம் சுற்றாமல் இறுகி, ஈரத் தரையில் இழுத்துக்கொண்டே போகும். செகண்டில் அந்த எதிர்ப்பு குறைவு. கொஞ்சம் வேகம் கூடியதும், உடம்பைத் தூக்கிச் சீட்டில் தொப்பென்று உட்கார வேண்டும். அந்த எடை பின்சக்கரத்தின் மேல் இறங்கும் அதே கணத்தில் கிளட்சை விட வேண்டும். சக்கரம் செயினை இழுக்க, செயின் கியர்பாக்ஸைச் சுற்ற, எஞ்சின் ஒரு முறை முனகி, இரண்டாம் முறை பிடித்துக்கொள்ளும். உடனே கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொள்ள வேண்டும். செல்ஃப் மோட்டாரைச் சுற்றப் பல பத்து ஆம்பியர் தேவை. ஸ்பார்க் பிளக்கில் பொறி விழ அதில் சிறு பங்கு போதும். மோட்டாரைச் சுற்ற வலுவில்லாத பேட்டரியிலும் பொறிக்கு மட்டும் உயிர் மிச்சமிருக்கும். வேலை செய்வது அந்த மிச்சம்தான்.

எனக்கு அது நன்றாக வந்தது. ஐந்தாறு மீட்டரில் எடுத்துவிடுவேன். எந்தத் தெருவுக்குப் போனாலும் வண்டியை மேட்டில், முகம் கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்துவது வழக்கமாயிற்று. கடை, கோயில், நண்பர் வீடு என்று எங்கே போனாலும் முதலில் சரிவைத்தான் பார்ப்பேன். நடுவில் பள்ளி திறந்தது, மறுபடி மூடினார்கள், 2021 செப்டம்பரில் மறுபடி திறந்தது. பேட்டரி மட்டும் மாறவில்லை. பணம் ஒரு காரணமே இல்லை. ஊரடங்கிலும் எனக்கு மாதச் சம்பளம் தவறாமல் வந்தது. வண்டிதான் தினமும் கிளம்பிவிடுகிறதே. கிளம்பிய வண்டிக்கு அன்றைக்குப் பேட்டரி வாங்க வேண்டிய அவசரம் இல்லை. நாளை பார்க்கலாம் என்பேன். நாளையும் சரிவு அங்கேயே இருக்கும்.

2022 ஜூனில் ஈரோட்டுக்கு மாற்றல் கிடைத்தது. பெருந்துறை ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி ஒரு தெரு, பன்னிரண்டு வீடுகள் இருக்கும் அடுக்குமாடி. கேட்டிலிருந்து தெருமுனை வரை ஓர் அறுபது மீட்டர், மேசைப் பலகை மாதிரி சமதளம். முதல் நாள் காலை வண்டியை வெளியே கொண்டுவந்து நின்றபோதுதான் சரிவு இல்லாத ஊருக்கு வந்திருக்கிறேன் என்பது உறைத்தது. செல்ஃபை நாலைந்து தடவை அழுத்தினேன். டக், டக். கேட்டருகே நாற்காலியில் இருந்த வாட்ச்மேன் எழுந்து வந்தார்.

"ஏனுங் வாத்தியாரே, பேட்டரிங்களா? நீங்க உக்காருங்க, நான் தள்ளறனுங்க."

அறுபதைத் தாண்டியவர். சென்னிமலைப் பக்கம். முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டி, காது மந்தமானபின் இந்த வேலைக்கு வந்தவர். பின்பக்கக் கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, தலையைத் தாழ்த்தி, ரப்பர் செருப்பு தரையில் சரசரக்கத் தள்ளினார். இருபது மீட்டரில் எஞ்சின் பிடித்தது. கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுப் போனேன். மனசுக்குள் ஒரு நிம்மதி. நாளை காலைக் கவலை தீர்ந்தது என்ற நிம்மதி அது.

அன்றிலிருந்து தினமும் அவர் தள்ளினார். பள்ளி நாட்களை எண்ணிப் பார்த்தால் நூறு இருக்கும். என் வண்டி 130 கிலோவுக்கு மேல், என் எடை 72. இந்த இருநூறு கிலோவை அவர் தள்ளினார். நான் இறங்கி, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு ஓடித் தள்ளி, பிடித்ததும் ஏறி உட்கார்ந்திருக்கலாம். 39 வயது எனக்கு. தெரிந்த வித்தை. சட்டை கசங்கும், வியர்க்கும், வகுப்புக்கு அப்படிப் போகக் கூடாது என்று உட்கார்ந்தே இருந்தேன். இஸ்திரி போட்ட சட்டைக்காக என்று எழுதும்போது கை கூசுகிறது. ஆனால் காரணம் அதுதான்.

அவரால் மறுக்க முடியாது என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து கொடுக்கும் சம்பளம் அவருடையது. ஒரு வீட்டுக்காரர் சாவியைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் எழுந்து வராமல் அவர் என்ன செய்வார்? நான் ஒரு நாளும் தள்ளுங்கள் என்று கேட்டதில்லை. கேட்டதில்லை என்பதையே வெகுநாள் எனக்குச் சாதகமாக வைத்திருந்தேன். செல்ஃபை அழுத்துவேன், அந்த 'டக்' கேட்கும். மந்தமான காதுக்கு அந்தச் சத்தம் எப்படித்தான் எட்டியதோ, நாற்காலி நகரும். மாதத்துக்கு ஒரு தடவை டீச் செலவுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தேன். தீபாவளிக்கு ஐந்நூறும் ஒரு வேட்டியும். கணக்கு நேராகிவிட்டதாக நினைத்தேன்.

மாலையில் பள்ளியில் பிளஸ் டூ பையன்கள் தள்ளினார்கள். சார் வண்டி என்றால் அவர்களுக்கு உற்சாகம், நாலு பேர் ஓடிவருவார்கள். காலையில் பேட்டரிப் பாடம் எடுத்தவன் மாலையில் அதே பிள்ளைகளைத் தள்ளவிட்டேன். அவர்களில் ஒருவனாவது, ஏன் சார் மாற்றவில்லை என்று கேட்டிருக்கலாம். ஆசிரியரிடம் கேட்க மாட்டார்கள். ஒரு ஞாயிறு, சந்தையிலிருந்து திரும்பும்போது மனைவி தள்ளினாள், காய்கறிப் பையைத் தரையில் வைத்துவிட்டு. "ஒரு பேட்டரி வாங்க நாள் நட்சத்திரம் பாக்கணுமா உங்களுக்கு?" என்றாள். இந்த வாரம் மாற்றிவிடுகிறேன் என்றேன். எத்தனையாவது வாரம் என்று அவள் கேட்கவில்லை.

தள்ளி எடுத்த வண்டி போகப் போக சார்ஜ் ஏறிவிடும் என்று பலரும் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டேன். வீட்டிலிருந்து பள்ளி மூன்று கிலோமீட்டர். பாதி நேரம் சிக்னலில் ஐடிலிங். அந்த வேகத்தில் வண்டியின் சார்ஜிங் சுருள் தருவது சொற்பம். வண்டி நன்றாக ஓடும்போது பேட்டரி முனையில் 14 வோல்ட் அளவுக்கு வர வேண்டும், அதுவும் நெடுநேரம். அப்படி வந்தாலும் இறுகிய சல்பேட்டை அது எழுப்பாது. இதுவும் தெரிந்தே இருந்தது. சல்பேட் நாளுக்கு நாள் இறுகியது. முதலில் இருபது மீட்டரில் பிடித்த எஞ்சின் அக்டோபரில் நாற்பது மீட்டர் கேட்டது. அந்தக் கூடுதல் இருபது மீட்டரையும் அவர்தான் தள்ளினார்.

தள்ளுகிறவருக்கு இதில் இருக்கும் ஆபத்தை இங்கே சொல்லியாக வேண்டும், இப்படி வண்டி எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால். கிளட்சை விட்ட கணத்தில் வண்டி ஓடாது. முதலில் நிற்கப் பார்க்கும். எஞ்சினின் கனத்தை முழுவதும் சக்கரம் சுமக்கும் அந்த அரை நொடி, பின்னாலிருந்து தள்ளுகிறவர் சுவரில் மோதுவது போல வண்டியில் மோதுவார். அடுத்த அரை நொடியில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் அந்தச் சுவரே முன்னால் பாய்ந்து காணாமல் போகும். முழு எடையையும் அதன்மேல் சாய்த்திருந்தவருக்குப் பிடிக்க ஒன்றும் இருக்காது. மேலே உட்கார்ந்திருப்பவனுக்கு இது ஒரு சின்னக் குலுக்கல் மட்டும். ஓட்டுகிறவன் "விடுறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுக் கிளட்சை விட வேண்டும். தள்ளுகிறவர் உடனே கையை எடுக்க வேண்டும். குன்னூரில் தனியாகவே எடுத்துப் பழகிய எனக்கு அந்தக் குரல் பழக்கம் வரவே இல்லை. கொடுத்திருந்தாலும் அவர் காதுக்குக் கேட்டிருக்குமோ என்னவோ.

அவர் விழுந்த நாளுக்கு முந்தைய இரவெல்லாம் மழை. சிமெண்டுக் கல் பதித்த தரையில் பாசி. முதல் பீரியடில் எனக்கு ரிவிஷன் டெஸ்ட், நேரம் எட்டே முக்கால் ஆகிவிட்டது. ஒரு தடவை தள்ளினார், பிடிக்கவில்லை. மூச்சு வாங்கியது அவருக்கு, எனக்குக் கேட்டது. வண்டியைப் பின்னால் உருட்டிக் கேட் வரை கொண்டுவந்தோம். இரண்டாம் தடவை. தெருமுனை நெருங்கியது. கிளட்சை விட்டேன். வண்டி முட்டி நின்று, உறுமி, பாய்ந்தது. ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தேன். அவர் ஒரு கையை முன்னால் ஊன்றி விழுந்து, முழங்காலில் இருந்தார். குடை அந்தப் பக்கம் கிடந்தது. எழுந்திருக்கவில்லை.

நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. பொய் சொல்லவில்லை, தோன்றியது. கூடவே, நிறுத்தினால் ஆஃப் ஆகிவிடும், மறுபடி தள்ள ஆளில்லை என்றும் தோன்றியது. தள்ள ஆளில்லை. விழுந்து கிடப்பவரைப் பற்றி அந்த நொடியில் என் மனதில் வந்த வாக்கியம் இதுதான். ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றிவைத்து ஸ்டாண்ட் போட்டிருந்தால் ஆஃப் ஆகாமலும் இருந்திருக்கலாம். ஆஃப் ஆனால்தான் என்ன, பள்ளிக்கு ஆட்டோவில் போயிருக்கலாம், அல்லது போகாமலே இருந்திருக்கலாம். இவையெல்லாம் பிறகு யோசித்தவை. முனையில் திரும்பினேன். கண்ணாடியில் தெரு மறைந்தது.

அன்று வகுப்பில் வினாத்தாளைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும், யாராவது தூக்கியிருப்பார்கள் என்று சொல்லிக்கொண்டேன். அடுக்குமாடியில் யாருக்காவது போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியும் என்பது தெரிந்துவிடும். அதனால் போடவில்லை.

மாலை வீட்டுக்கு வந்தபோது தெருமுனையில் இஸ்திரிக் கடைக்காரர் நிறுத்தினார். வாட்ச்மேன் காலையில் விழுந்துவிட்டாராம், தான்தான் அரசாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாராம், வலது மணிக்கட்டில் எலும்பு முறிவாம். "அப்படியா! எப்போ?" என்று கேட்டேன். 'எப்போ' என்று கேட்டது என் குரல்தான். இவ்வளவு இயல்பாக வரும் என்று எனக்கே தெரியாது.

அவர் அதே நாற்காலியில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போகவில்லை, இரவுக் காவலுக்கு மாற்று ஆள் கிடைக்கவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார்.

"நீங்க பாத்திருக்க மாட்டீங்க வாத்தியாரே. வண்டி பிடிச்ச வேகத்துல போயிட்டீங்க. பாத்திருந்தா நின்னிருப்பீங்களே."

தலையாட்டினேன்.

மறுநாள் 2,000 ரூபாய் கொடுத்தேன், மருந்துச் செலவுக்கென்று. வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார். அந்த வாரமே இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் என்னிடம், நீங்கள் பணம் கொடுத்ததைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார் என்றார்கள். அதைக் கேட்டுக்கொண்டும் நின்றேன். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. தலையாட்டியதுகூட அந்த நேரத்துக் கோழைத்தனம் என்று சொல்லிவிடலாம். இந்தப் பெயரை வாங்கி வைத்துக்கொண்டது நாள் கணக்கில் தெரிந்து செய்தது.

கட்டுப் பிரித்தபின் அவருக்கு மணிக்கட்டு முன்போல மடங்கவில்லை. தண்ணீர் மோட்டார் வால்வைத் திருக முடியவில்லை, வாளி தூக்க முடியவில்லை. தை மாதம் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். போகும்போது என் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிக்கொண்டு போனார். அவருடைய போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இரண்டு பொங்கலுக்கு அவர் கூப்பிட்டு வாழ்த்தினார். நான் ஒரு தடவையும் கூப்பிடவில்லை. இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் சென்னிமலைக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லப்போகிறேன். எழுதத் தொடங்கியதே, சொல்ல வேண்டிய வார்த்தைகளை வரிசைப்படுத்தத்தான்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதியும் பயனில்லை.

அவர் விழுந்த மூன்றாம் நாள் மாலை பேட்டரி மாற்றினேன். பள்ளியிலிருந்து வரும் வழியிலேயே கடை. ஐந்து மாதமாக ஒவ்வொரு நாளும் அதைத் தாண்டித்தான் போய்வந்தேன். பக்கவாட்டு மூடியைக் கழற்றி, முதலில் நெகட்டிவ் ஒயர், அப்புறம் பாசிட்டிவ். பழையதை எடுத்துப் புதியதை வைத்து, பாசிட்டிவ், கடைசியில் நெகட்டிவ். இரண்டு திருகு. இருபது நிமிஷம்கூட ஆகவில்லை. பழைய பேட்டரிக்கு 200 ரூபாய் கழித்துக்கொண்டு 1,250 வாங்கினார்கள். செல்ஃபைத் தொட்டதும் எஞ்சின் பிடித்தது.

வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்தினேன். ஏதோ மறந்துபோய், உடனே கடைக்குப் போக வேண்டியிருந்தது. சாவியைப் போட்டேன். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மாவுக்கட்டுக் கையைத் தூளியில் போட்டுக்கொண்டு, இடது கையை நீட்டியபடி வண்டியின் பின்னால் வந்து கம்பியைப் பிடித்தார்.

"வேண்டாங்கண்ணா, பேட்டரி மாத்திட்டேன்" என்று செல்ஃபை அழுத்திக் காட்டினேன்.

எஞ்சின் ஓடுவதைக் குனிந்து கேட்டார். முகத்தில் உண்மையான சந்தோஷம். "நல்லதாப் போச்சுங்க. எவ்வளவு ஆச்சுங்க?"

சொன்னேன்.

கேட்கவில்லையோ என்று மறுபடி உரக்கச் சொன்னேன். கேட்டிருந்தது. கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"அவ்வளவுதானுங்களா? நான் பத்துப் பதினஞ்சாயிரம் ஆகும்னு நெனச்சனுங்க. பாவம் வாத்தியாருக்கு என்ன கஷ்டமோ, நம்மளால ஆனது தள்ளியாவது விடலாம்னுதானுங்க..."